முள்முடி வந்த நேரம்

கண்டி நகரில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது மஸீனாவின் தனியார் விசாரணை அலுவலகம். புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அங்கே வந்த பெண், கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்தாள். அவள் நடக்க நடக்க வாசலில் நின்ற சந்திரகுமாருக்கும் கால் துறுதுறுத்தது. அவனுக்கு அது பிறவிக் குணம். முப்பத்தெட்டு வயதாகியும் சோறு ஆறும்வரை பொறுக்கமாட்டாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விபத்து விசாரணைக்காக மஸீனா அவனுடைய த்ரீவீலரை வாடகைக்குப் பிடித்தார். அன்றிலிருந்து அவன் அவரை விட்டபாடில்லை.

மஸீனாவோ நேர்மாறு. காப்புறுதிக் கம்பனியில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் பொய்யைக் கேட்டுக் கேட்டே பக்குவப்பட்டவர். ஊரே தீப்பிடித்தாலும் பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவார்.

"தங்கச்சி, நடந்துக்கிட்டே செல்லுங்க, பரவாயில்ல. ஆனா மொதல்ல இருந்து செல்லுங்க" என்றார். அவர் வாயில் 'சொல்லு' எப்போதும் 'செல்லு'தான்.

"எங்க அண்ணன் இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள, தப்பை ஒத்துக்கிற ஒரு கடிதத்துல கையெழுத்துப் போடணும் மிஸ். போடலைன்னா பொலிஸ்" என்றாள் அந்தப் பெண். பெயர் ஷெரோன். மூச்சு வாங்கியது.

விஷயம் இதுதான். பிலிமத்தலாவையில் வீரையா முதலாளிக்குச் சொந்தமான ஒரு நீச்சல் தடாகம். அதில் உயிர்காப்பாளர் வேலை ஷெரோனின் அண்ணன் ரொனிக்கு. தினமும் காலை ஆறு மணிக்கு லிண்டா டீச்சர் அங்கே நீந்த வருவார். முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்கு அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. நேற்றுச் செவ்வாய்க்கிழமை அவர் தண்ணீரில் இருந்தபோது, எவனோ வாளிக்கணக்கில் குளோரின் தூளைக் கொட்டியிருக்கிறான். கண்ணும் தொண்டையும் வெந்துபோய் டீச்சர் இப்போது பேராதனையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"ரொனி அண்ணன்தான் கொட்டினான்னு மனேஜர் ஷேன் சொல்றாரு. முதலாளியும் நம்பிட்டாரு. அண்ணனுக்கு மாலைதீவுல ஒரு ஹோட்டல்ல இதே வேலை சரிவந்திருக்கு மிஸ். அடுத்த மாசம் பிளேன். பொலிஸ்ல பேர் விழுந்தா வெளிநாடு போகக் கேக்குற பொலிஸ் ரிப்போர்ட் எடுக்க ஏலாது. கையெழுத்துப் போட்டாலும், ஆளைக் கொல்லப் பாத்தவன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரின்னு அண்ணன் சொல்றான். அப்புறம் யாரு அவனை நம்பித் தண்ணியில எறங்குவாங்க?"

"அந்த நேரம் ரொனி எங்க?"

ஷெரோன் நின்றாள். அதுதான் வலிக்கிற இடம் என்று சந்திரகுமாருக்கே விளங்கியது.

"பேக்கரிக்குப் போயிருந்தான். எட்டு மணிக்குத் தண்ணிய சோதிக்கச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா வர்ற நாள். அவருக்கு ரோல்ஸும் பட்டிஸும் வாங்கிட்டு வான்னு ஷேன்தான் ஆறு பத்துக்கு அனுப்பினாராம். இப்ப ஷேன், நான் வந்ததே ஆறரைக்குத்தான், யாரையும் அனுப்பலைன்னு சாதிக்கிறாரு."

கைப்பையிலிருந்து கசங்கிய ஒரு பேக்கரி பில்லை எடுத்து நீட்டினாள். ரோல்ஸ் பத்து, பட்டிஸ் பத்து. நேரம் காலை 6.21. மஸீனா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தடாகத்திலிருந்து பேக்கரி எவ்வளவு தூரம் என்று கேட்டார். நடந்தால் போக பத்து நிமிடம், மேடு ஏறித் திரும்பிவர இன்னும் கொஞ்சம் கூட என்றாள் ஷெரோன்.

"அப்ப வேலை முடிஞ்சுது மிஸ்!" என்று துள்ளினான் சந்திரகுமார். "ஆறு இருபத்தொண்ணுக்குப் பேக்கரியில நின்னவன் எப்பிடிக் குளோரின் கொட்டுவான்?"

"ஆறு மணிக்கே கொட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றார் மஸீனா. "ஷேனும் அப்பிடித்தானே செல்லுவார். எப்ப கொட்டினது எண்டு தெரியாம இந்தத் துண்டு ரோல்ஸ் சுத்தத்தான் உதவும்."

சந்திரகுமார் த்ரீவீலர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

*

கொழும்பு வீதியில் வாகனங்கள் தேங்கி நின்றன. முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் இன்னொரு பஸ். சந்திரகுமார் ஹோர்னை அடித்தான், தலையை வெளியே நீட்டினான், கைபேசியில் மணி பார்த்தான். பத்து ஐம்பது. பின்னால் ஷெரோன் நகத்தைக் கடித்துத் துப்பினாள். மஸீனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்த மனுஷிக்கு உடம்பில் ரத்தம் ஓடுகிறதா, தேத்தண்ணி ஓடுகிறதா என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் வார்டுத் தாதி யசோதினி யாழ்ப்பாணத்துப் பெண். வாசலிலேயே மறித்தாள்.

"ஓம், பாக்கலாம். ஆனா அவாவைக் கதைக்க வைக்கக் கூடாது. தொண்டை முழுக்கப் புண். பேப்பர் குடுத்திருக்கிறம், எழுதுவா. பத்து நிமிசந்தான், சரியே?"

லிண்டா டீச்சரின் கண்கள் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தன. ஆனாலும் ஷெரோனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே கோயிலில், ஒரே பாடகர் குழு. டீச்சர்தான் குழுவை நடத்துகிறவர்.

மஸீனா ஒவ்வொன்றாகக் கேட்டார். டீச்சர் அப்பியாசக் கொப்பியின் தாளில் எழுதினார்.

யாரையாவது பார்த்தீர்களா? *தண்ணி மேல ஒரே பனி. ஒருத்தரையும் தெரியல்ல.*

யாராவது கூப்பிட்டார்களா? *இல்லை.*

எத்தனை மணிக்குக் கண் எரிய ஆரம்பித்தது?

டீச்சர் யோசித்தார். பிறகு எழுதியதைச் சந்திரகுமார் எட்டிப் பார்த்துவிட்டு முழித்தான். *முள்முடி வந்ததும் கண் எரிஞ்சது. கரைக் கம்பியைப் பிடிச்சிட்டேன். அதுக்குப் பிறகு நீந்தல்ல. ஏணி மத்தப் பக்கம். கண்ணைத் திறக்க முடியல்ல, கத்தினா சத்தம் வரல்ல.*

பாவம், காய்ச்சலில் புலம்புகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். மஸீனா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. "தண்ணியில என்ன கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்றார்.

டீச்சர் தலைமாட்டிலிருந்த பையைக் காட்டினார். அதற்குள் ஒரு ஹெட்போன். வயரும் இல்லை, காதுக்குள் வைக்கிற குமிழும் இல்லை. பிடரிப் பக்கமாக வளைந்து, காதின் மேலால் வந்து, காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்காரும் வளையம். பாட்டு எலும்பு வழியாகப் போகும், காதுத் துவாரம் திறந்தே இருக்கும். இத்தாலியில் இருக்கும் தம்பி அனுப்பினானாம். கோயில் குழு பாட்டாகப் பாடிய செபமாலையையும் சில மாதா பாடல்களையும் மருமகன் கம்பியூட்டரிலிருந்து அதற்குள் இறக்கிக் கொடுத்திருக்கிறான். தண்ணீரில் இறங்கும்போது பொத்தானை அமத்திவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நீந்தத் தொடங்குவார். ரொனி அவரைத் தூக்கிக் கரையில் போட்டதும் அதைக் கழற்றி, நிறுத்திப் பைக்குள் வைத்தானாம். அதன் பிறகு யாரும் தொடவில்லை.

சந்திரகுமாரின் விரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போனது. மஸீனா அந்தக் கையில் ஓர் அடி போட்டார்.

"அமத்தினீங்களோ, நான் ஒங்களோட கதைக்கமாட்டேன்."

டீச்சரிடம் கேட்டு ஹெட்போனையும் எழுதிய தாளையும் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். புறப்படும்போது டீச்சர் இன்னொரு வரி எழுதி ஷெரோனிடம் கொடுத்தார். *ரொனி மேல கோபம் இல்ல. ஆனா அவன் இருக்கான்னு நம்பித்தானே நான் தண்ணியில எறங்கினேன். ஏன் என்னை விட்டுட்டுப் போனான்?* வராந்தாவுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டிருந்த ஷெரோன் அங்கே சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். சந்திரகுமாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடிப்போய் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிவந்தான்.

த்ரீவீலரில் ஏறியதும் மஸீனா கேட்டார். "நான் முஸ்லிம், சந்திரன் கதிர்காமத்தான் பக்தர். எங்க ரெண்டு பேருக்கும் விளங்குற மாதிரி செல்லுங்க தங்கச்சி. முள்முடி எண்டா என்ன?"

ஷெரோன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். செபமாலையில் ஐந்து பத்துமணி; ஒவ்வொன்றிலும் பத்து முறை அருள் நிறைந்த மரியே சொல்லுவார்கள். ஒவ்வொரு பத்துமணிக்கும் ஒரு தேவ இரகசியத்தை நினைத்துச் செபிப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் துக்க இரகசியங்கள். முதலாவது யேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை சிந்தியது, இரண்டாவது சாட்டையடி, மூன்றாவது முள்முடி சூட்டியது, நாலாவது சிலுவை சுமந்தது, ஐந்தாவது சிலுவையில் அறைந்தது.

"பாட்டுல அது எவ்வளவு நேரம்?"

"தொடக்கச் செபம் நாலு நிமிஷம், ஒவ்வொரு பத்துமணியும் அஞ்சு நிமிஷம். நானும்தானே பாடினேன். நீண்டு போகுதுன்னு பாதர் கடிகாரத்தோட முன்னாலேயே நின்னாரு."

"டீச்சர் எத்தனை மணிக்குத் தண்ணியில எறங்கினார்?"

"ஆறு அஞ்சுன்னு அண்ணன் சொன்னான். கேட்ல புத்தகம் இருக்கு, அதுல அவங்களே ஆறு மணின்னு எழுதுவாங்க. உடுப்பு மாத்த அஞ்சு நிமிஷம்."

மஸீனா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். சந்திரகுமார் ஹேண்டில்பாரில் விரலால் எண்ணிப் பார்த்தான், நாலும் அஞ்சும் அஞ்சும் என்று. ஒரு சைக்கிள்காரனை இடிக்கப் பார்த்து, எண்ணுவதை விட்டான்.

*

பிலிமத்தலாவையில் அவர்கள் இறங்கியபோது மணி பன்னிரண்டு நாற்பது. தடாகத்தைக் காலி செய்து கழுவிவிட்டிருந்தார்கள். நீல ஓடுகள் பல்லிளித்துக்கொண்டு கிடந்தன. காரியாலய அறையில் வீரையா முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டச்சு செய்த கடிதம், மேலே ஒரு பேனா. நாவலப்பிட்டியில் மரக்கறிக் கடையில் தொடங்கி முன்னுக்கு வந்த மனிதர். குரல் எப்போதும் சந்தையில் பேசுகிற உயரத்தில்தான் இருக்கும்.

"நான் யாருக்கும் அநியாயம் செய்றவன் இல்லீங்க. ஆனா ஒரு பொம்பள சாகக் கெடக்குறா. யாராச்சும் பதில் சொல்லணுமா இல்லையா?"

"சொல்லத்தான் வேணும்" என்றார் மஸீனா. "ஷேன் தம்பி என்ன செல்றார் எண்டு கேப்போமே."

ஷேன் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கறுப்புக் கேன்வஸ் சப்பாத்து என்று சுத்தமாக வந்து நின்றான். கதையும் அதே சுத்தம். அவன் வந்தது ஆறரைக்கு. கிட்டே வரும்போதே குளோரின் நாற்றம். முதல் நாள் பின்னேரம் போட வேண்டியதை ரொனி மறந்துவிட்டு, விடிய ஆறு மணிக்கு முன்னால் அள்ளிக் கொட்டிவிட்டு, தின்னப் பேக்கரிக்குப் போயிருக்க வேண்டும். டீச்சர் அப்போதும் நீந்திக்கொண்டிருந்தார்.

"நான் கரையில நின்னு எவ்வளவு கத்தினேன் தெரியுமா? 'டீச்சர், வெளிய வாங்க, வெளிய வாங்க'ன்னு. எங்க கேட்டுச்சு? காதுக்குள்ள அதை அடைச்சிக்கிட்டு. அவங்க போன் கரையில உக்கார்ற வாங்குல இருந்துச்சு. அதுல ஓடிக்கிட்டிருந்த பாட்டைக்கூட நிப்பாட்டினேன், பாட்டு நின்னாலாவது தலையத் தூக்குவாங்கன்னு. ம்ஹூம். திரும்பவே இல்ல. நான் ஓடிப்போய்க் கயிறு எடுத்துட்டு வர்றதுக்குள்ள இவன் ரோல்ஸ் பார்சலோட வந்துட்டான். தண்ணிக்குள்ள பாட்டுக் கேக்குறதெல்லாம் தேவையா, நீங்களே சொல்லுங்க!"

"பாத்தீங்களா?" என்றார் வீரையா. "அவன் செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கான்."

"இந்தக் குளோரின் வேலையெல்லாம் நீங்களும் செய்வீங்களா தம்பி?" மஸீனா ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"நானா? அந்த மருந்து அறைப் பக்கமே போறதில்ல மிஸ். எனக்கு ஒத்துக்காது. எல்லாம் ரொனிதான்."

மூலையில் நின்ற ரொனி நிமிர்ந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். "திங்கட்கிழமை பின்னேரம் நான் போட்டேன். ராத்திரி பூரா மழை பெஞ்சு தண்ணி கலங்கிருச்சு. காலையில ஷேன் அண்ணன்தான் அதப் பாத்துட்டுப் பதறினாரு. பரிசோதகர் ஐயா வர்ற நேரத்துல இப்பிடியான்னு. என்னை ரோல்ஸ் வாங்க அனுப்பினதும் அவருதான். மாதாவே சத்தியம்."

"பொய் சொல்றதுக்கு மாதாவை இழுக்காத" என்றான் ஷேன்.

சந்திரகுமாரின் கண் கீழே போனது. ஷேனின் வலது சப்பாத்தில் செங்கல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ. வெற்றிலை எச்சில் தெறித்திருக்கும் என்று முதலில் நினைத்தான். ஆனால் எச்சில் என்றால் மேலே ஒட்டியிருக்க வேண்டும். இதுவோ துணியின் கறுப்பே வெளுத்து அப்படி ஆகியிருந்தது. மஸீனாவைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி ஒன்று இருபது. வீரையா பேனாவை ரொனியின் பக்கம் நகர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி" என்றார் மஸீனா. "ரெண்டு விஷயம் காட்டுறேன். அதுக்குப் பொறகு யார் கையெழுத்துப் போடணும் எண்டு நீங்களே செல்லுங்க."

பையிலிருந்து ஹெட்போனை எடுத்தார். மேசையில் கிடந்தவற்றை ஒதுக்கச் சொன்னார். பழைய காலத்துப் பலா மேசை, கீழே இழுத்துத் திறக்கும் வெறும் லாச்சி. வளையத்தின் ஒரு முனையைப் பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமத்தினார்.

மேசை பாடியது. சந்திரகுமார் ஒரு அடி பின்னால் நகர்ந்தே விட்டான். எலும்பில் பாடுவது பலகையிலும் பாடும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? மெல்லிய குரலில், ஆனால் தெளிவாக, இருபது பேர் சேர்ந்து அருள் நிறைந்த மரியே பாடினார்கள். ஷெரோன் விரலால் எண்ணினாள். நான்கு மரியே பாடியதும் பத்துமணி முடிந்தது; அடுத்த இரகசியம் வராமல் முடிவுச் செபம் தொடங்கியதால், இது ஐந்தாவது பத்துமணி என்றாள்.

"இது நிப்பாட்டின இடத்துல இருந்துதான் திரும்பப் பாடும். அப்ப பத்துல ஆறு முடிஞ்ச இடத்துல நிப்பாட்டியிருக்கு" என்றார் மஸீனா. "ரொனி, நீங்க இதைக் கழட்டின நேரம் அதுதான். கணக்கை நீங்களே பாருங்க முதலாளி. ஆறு அஞ்சுக்கு டீச்சர் தண்ணியில. ஆறு ஒம்பது வரைக்கும் தொடக்கம். ஒவ்வொண்டும் அஞ்சு நிமிஷமா, ஆறு பத்தொம்பதுக்கு மூணாவது, முள்முடி. ஆறு இருவத்தொம்பதுக்கு அஞ்சாவது. ஆறு முப்பத்திரெண்டுக்கு ரொனி அவரைத் தூக்கி, இதை நிப்பாட்டி இரிக்கிறார். டீச்சர் எழுதினதைப் படிங்க."

வீரையா தாளை வாங்கிப் படித்தார். *முள்முடி வந்ததும் கண் எரிஞ்சது.* அவர் உதடு அசைந்தது.

"ஆறு மணிக்கே கொட்டியிருந்தா, எறங்கின உடனே எரிஞ்சிருக்கும். மொத ரெண்டு பத்துமணி, பதினாலு நிமிஷம், அவர் நல்லா நீந்தியிருக்கார். கொட்டினது ஆறு பத்தொம்பதுக்குச் சுத்தி. ஆறு இருவத்தொண்டுக்கு ரொனி பேக்கரியில. இந்தா பில்."

"அது யாரோ வெளியாள் கொட்டியிருக்கலாம்" என்றான் ஷேன். குரலில் ஒரு கீறல் விழுந்திருந்தது. "நான்தான் ஆறரைக்கு வந்தேன்னு சொல்றேனே."

"ஆறரைக்கு வந்து டீச்சர் நீந்துறதைக் கண்டீங்க. அவரோ முள்முடிக்குப் பொறகு நீந்தவே இல்ல, கம்பியைப் பிடிச்சு இருமிக்கிட்டுக் கெடந்தார். நீந்துறதை நீங்க கண்டது உண்மையெண்டா, ஆறு இருவதுக்கு முன்னாலேயே நீங்க இங்க. காணலையெண்டா, கத்தினது எல்லாம் கதை. எது வேணும்?"

"பதட்டத்துல சரியா நெனவில்ல. ஆனா கத்தினேன். போன்ல பாட்டை நிப்பாட்டினதும் உண்மை!"

"நல்லது" என்றார் மஸீனா. "சந்திரன், ஒரு வாளி நெறையத் தண்ணி கொண்டு வாங்க."

இதற்காகத்தானே அவன் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தான். வாளி வந்தது. மஸீனா ஹெட்போனைப் போனிலிருந்து பாடும் புளூடூத் முறைக்கு மாற்றி, சந்திரகுமாரின் கைபேசியோடு இணைத்து, அவன் தலையில் மாட்டினார். கைபேசியில் இருந்த நாதஸ்வரத்தை ஓடவிட்டு மேசையில் வைத்தார். நாதஸ்வரம் கன்ன எலும்பில் விறுவிறுவென்று ஏறியது. ஆனால் அவர் பேசுவதும் காதில் விழுந்தது.

"ஷேன் தம்பி செல்ற மாதிரி இது காதை அடைக்கிற சாமான் இல்ல. இதைப் போட்டவரைக் கண்டிருந்தா அப்பிடிச் செல்லமாட்டார். இப்ப தலையை வாளிக்குள்ள விடுங்க சந்திரன்."

சந்திரகுமாருக்கு நீச்சலும் தெரியாது, தண்ணீர் என்றால் பயமும் உண்டு. இருந்தாலும் மானம் போகக் கூடாதே. மூக்கைப் பிடித்துக்கொண்டு காது மூழ்கும்வரை தலையை விட்டான். நாதஸ்வரம் இரண்டு தரம் விக்கியது, அவ்வளவுதான். தண்ணீரின் குமுகுமு சத்தம் மட்டும். தலையைத் தூக்கினான், வந்தது. மறுபடி விட்டான், போனது.

"நின்னு போகுது மிஸ்! தண்ணிக்குள்ள போனா பாட்டே இல்ல!"

"போன்ல இருந்து வர்ற பாட்டு தண்ணிக்குள்ள போகாது" என்றார் மஸீனா. "அதனாலதான் நீந்துறவங்களுக்கு இதுக்குள்ளேயே பாட்டை எறக்கிக் கொடுக்கிறது. டீச்சரோட செபமாலை இந்த வளையத்துக்குள்ள இரிக்கி. அவர் போன்ல ஒண்டுமே ஓடல்ல. ஓடாத பாட்டை நீங்க எப்பிடித் தம்பி நிப்பாட்டினீங்க?"

ஷேன் கதவுப் பக்கம் பார்த்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். யாரும் கேட்காத அந்த ஒரு வரியை அவன் சொல்லாமல் இருந்திருந்தால், தப்பியிருந்தாலும் தப்பியிருப்பான். தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்ற சந்திரகுமாருக்கு அதை உரக்கச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஷேனின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

"மருந்து அறைப் பக்கமே போகாதவருக்குச் சப்பாத்துல குளோரின் வெளுப்பு" என்றார் மஸீனா. குரலை உயர்த்தவே இல்லை. "தண்ணி கலங்கினதைக் கண்டு பதறினீங்க. ரொனியை அனுப்பிட்டு நீங்களே அள்ளிக் கொட்டினீங்க. பனியில டீச்சரைத் தெரியல்ல எண்டே வச்சுக்குவோம். அவர் இருமினது கேட்டிருக்குமே. முள்முடியில இருந்து ரொனி வரும்வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல. அந்தப் பத்து நிமிஷமும் நீங்க எங்க?"

ஷேன் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான். "இங்கதான்" என்றான். "இந்த அறையில. பனியில தெரியல்ல, சத்தியமா தெரியல்ல. அவங்க சத்தமே போடாம நீந்துவாங்க. இருமல் கேட்டதும்தான்... எனக்குக் கை கால் ஓடல்ல. கதவைச் சாத்திட்டேன். ரொனி இப்ப வந்துருவான், வந்துருவான்னு... நான் போய்த் தூக்கினா, நான்தான் கொட்டினேன்னு தெரிஞ்சிருமே."

"நான் வராம இருந்திருந்தா?" என்றான் ரொனி.

வீரையா முதலாளி எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே காலித் தடாகத்தைப் பார்த்துக்கொண்டே, சந்தைக் குரலெல்லாம் வற்றிப்போய், "பொலிஸுக்கு நானே பேசுறேன்" என்றார். திரும்பி வந்து கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க ஐயா" என்றான் ரொனி.

கடிதத்தை வாங்கினான். குளோரின் பற்றிய வரிகளையெல்லாம் கோடு போட்டு அடித்தான். கீழே கையால் எழுதினான்: தண்ணீரில் ஆள் இருக்கும்போது நான் காவலை விட்டு ரோல்ஸ் வாங்கப் போனேன். கையெழுத்துப் போட்டான்.

"உனக்கென்ன பைத்தியமா?" ஷெரோன் அலறினாள். "அவரு அனுப்பித்தானே போன! மாலைதீவுக்காரன் இதப் பாத்தா என்ன ஆகும்?"

"அவரு அனுப்பினாரு. ஏலாதுன்னு சொல்ல எனக்கு வாய் இருந்துச்சு தானே" என்றான். "முதலாளி வீட்டுக்கு மீன் வாங்கப் போனேன், காருக்குக் காத்தடிக்கப் போனேன். எல்லா இடத்துலயும் அப்பிடித்தானேன்னு போய்ப் போய்ப் பழகிட்டேன். டீச்சர் ஏன் போனேன்னு கேட்டிருக்காங்க. நான் நேர்ல போய்ச் சொல்லணும்."

வீரையா, மீன் ஞாபகம் வந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

*

பின்னேரம் பார்வையாளர் நேரம் முடிய இருந்தது. யசோதினி கடிகாரத்தைக் காட்டினாள், ஆனால் மறிக்கவில்லை. ரொனி கட்டிலருகே நின்று, நடந்தது எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். தான் எழுதிய வரியையும் காட்டினான். வாசலில் நின்ற சந்திரகுமார், டீச்சர் அதைப் படித்து முடிக்கும்வரை தாங்கமாட்டாமல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான்.

டீச்சர் அப்பியாசக் கொப்பியை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார்.

*நீ விட்டுட்டுப் போனாய், திரும்பி வந்தாய். அவன் பக்கத்திலேயே இருந்தான், வரல்ல.*

ரொனி அதைப் படித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். டீச்சர் அவன் முதுகில் தட்டினார். தாளைத் திரும்ப வாங்கி, அடியில் இன்னொரு வரி சேர்த்து அவன் கையில் வைத்து மூடினார். வெளியே வந்ததும் சந்திரகுமார் விடவில்லை, என்ன என்ன என்று பிடுங்கி எடுத்தான். கடைசியில் ரொனி கையை விரித்துக் காட்டினான்.

*மாலைதீவுல யாராவது ரோல்ஸ் வாங்கிட்டு வரச் சொன்னா, ஏலாதுன்னு சொல்லு.*